சருகைக் கொளுத்தாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி பிறந்தால் வேம்பு இலையைக் கொட்டும். வாசலைப் பெருக்குவோம், சருகைக் குவிப்போம், தீ வைப்போம். அதே வாரம் நர்சரிக்குப் போய் மண்புழு உரம் ஒரு மூட்டை வாங்கி வருவோம். இந்தக் கூத்தை நானும் பல வருடம் செய்தவன்தான்.

புத்தி வந்தது ஒரு கறிவேப்பிலைக் கன்றால். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. புளித்த மோர் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். கொஞ்ச நாள் தெளிந்தது, மறுபடி மஞ்சள். சரி என்று பக்கத்தில் ஓர் அடி தோண்டினால் செங்கல் துண்டு, காரை, சிமெண்ட் கட்டி! வீடு கட்டியபோது கொட்டி மூடியவை. காரையில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மை ஆக்கிவிடும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

கல்லைப் பொறுக்கிவிட்டு, சாணத்தைக் கரைத்துத் தெளித்து, சருகை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினேன். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் போட வேண்டும். ஒட்டிப் போட்டால் ஈரம் தங்கித் தண்டு அழுகும். மாவிலை மட்க நாளாகும், நறுக்கிப் போடுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் சருகை விலக்கிப் பார்த்தேன். அடியில் மண் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது, மண்புழுக்கள் நெளிந்தன. மூட்டை உரம் தயாரிக்கப் பெரும்பாலும் வளர்ப்பது ஆப்பிரிக்க, ஐரோப்பியப் புழுக்கள். குப்பைக் குவியலில்தான் அவற்றுக்கு வாழ்க்கை. லாம்பிட்டோ மாரிட்டி போன்ற நம் ஊர்ப் புழுவோ மண்ணைத் துளைத்துக் கீழே போகும். அந்தத் துளை வழியே மழைநீரும் காற்றும் இறங்கும்.

கறிவேப்பிலை தழைத்ததும் பறவை எச்சம் போல ஒரு புழு இலையில் உட்கார்ந்திருந்தது. "மருந்து அடிங்க சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். நான் அடிக்கவில்லை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது. பாதி இலையைத் தின்றது, போகட்டும். செடி மறுபடி துளிர்த்துவிட்டது. வேலியோரம் நொச்சி, ஆடாதொடை, தூதுவளை, பிரண்டை வைத்திருக்கிறேன். வேர் பிடித்த பிறகு அவற்றுக்கு நான் அதிகம் தண்ணீர் விடுவதில்லை. எருக்கு தானாக முளைத்தது, பிடுங்காமல் விட்டேன். அதற்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி வருகிறது, ஆரஞ்சுச் சிறகில் கறுப்பு ஓரம்.

இப்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுச் சருகையும் கொளுத்தாமல் சாக்கில் கட்டி எனக்குத் தந்துவிடுகிறார். போன வாரச் சாக்கில் ஒற்றைச் செருப்பு ஒன்றும் வந்தது. அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.