சோர்ட்ஸ் டப்ளினின் படுக்கையறை அன்று

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் என் வணக்கம்.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு வடக்கே வளர்ந்துவரும் சோர்ட்ஸ், தனக்கென வாழும் ஊரா, தலைநகரில் உழைத்துவிட்டு வருபவர்கள் உறங்கி எழும் இடமா என்பதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று சான்றுகளை அடுக்கினார். காலையில் நிறைந்து புறப்படும் 41-ஆம் எண் பேருந்து ஒன்று. பள்ளிக்கூடமாக இருந்த பழைய கட்டடம் இன்று மதுவிடுதியாகிவிட்டது என்பது இன்னொன்று. மெட்ரோ வந்துவிட்டால் சோர்ட்ஸ் டப்ளினின் வெறும் ஒரு நிறுத்தமாகிவிடும் என்பது கடைசி. சான்றுகள் உண்மைதான். அவற்றிலிருந்து அவர் எட்டிய முடிவைத்தான் நான் மறுக்கிறேன்.

ஊர்க்காரர்கள் எங்கே போய்ச் சம்பாதிக்கிறார்கள் என்பதை வைத்து ஓர் இடத்தை ஊர் என்றோ ஊரில்லை என்றோ சொல்லிவிட முடியாது. தன் காரியங்களைத் தானே தீர்மானிக்கவும், அதற்குப் பொறுப்பேற்கவும் அங்கே ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியோடு, எதிரணித் தலைவர் வருத்தத்தோடு சுட்டிக்காட்டிய மதுவிடுதிக்கே முதலில் போவோம்.

அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைக்க 1800-இல் நிறைவேறிய ஒன்றிணைப்புச் சட்டத்தால் அதன் தனி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது, அந்த மன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பிவந்த சிற்றூர்கள் பல தங்கள் இடங்களை இழந்தன. அப்படி இழந்த ஒவ்வோர் ஊருக்கும் 15,000 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. பெரும்பாலான ஊர்களில் அந்தத் தொகுதி யாரோ ஒரு பிரபுவின் சட்டைப்பைக்குள் இருந்ததால், பணமும் அந்தச் சட்டைப்பைக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு உறுப்பினர்களை அனுப்பிவந்த சோர்ட்ஸின் நிலை வேறு. அங்கே வாக்குரிமை, தனி அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தியவர்களிடம் இருந்தது. கத்தோலிக்கருக்கு 1793 வரை வாக்கே கிடையாது என்பதால் அதை முழுமையான மக்களாட்சி என்று நான் புகழ மாட்டேன். ஆனால் ‘இந்த ஊர் எனக்குச் சொந்தம், பணத்தை என்னிடம் கொடு’ என்று கைநீட்ட அங்கே எந்தப் பிரபுவாலும் முடியவில்லை. ஆகவே அந்தப் பணம் ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்கு ஒதுக்கப்பட்டு, பள்ளிக்கூடம் எழுந்தது. எதிரணியினர் இன்று மதுவிடுதியாகப் பார்ப்பது அந்தப் பள்ளிக்கூடத்தைத்தான். அங்கே பீர் ஊற்றுவது எனக்கும் உவப்பானதில்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்தின் பெயரில் ‘பழைய பரோ’ என்பது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; பரோ என்றால் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பும் ஊர். நாடாளுமன்ற இடத்தைப் பறிகொடுத்தும் அதன் விலையை ஊருக்கே வாங்கிக்கொண்ட ஓர் இடத்தை, படுக்கையறை என்று எப்படிச் சொல்வது?

இதற்கும் முந்தைய வரலாற்றைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். புனித கொலம்கில் ஆறாம் நூற்றாண்டில் நிறுவியதாக மரபு கூறும் மடத்தின் நினைவாக ஒரு வட்டக் கோபுரம் இன்றும் நிற்கிறது. 1014-இல் க்ளான்டார்ஃப் போரில் மாண்ட மன்னன் பிரையன் போருவின் உடலை ஆர்மாவுக்கு எடுத்துச் செல்லக் குருமார்கள் வந்தது இந்த மடத்துக்குத்தான்.

முதன்மைச் சாலையின் வடக்கு முனையிலுள்ள கோட்டையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டப்ளின் பேராயர் ஜான் கமின் 1200-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டை, ஏறத்தாழ ஒன்றரை ஏக்கரை வளைத்து நிற்கும் சுற்றுமதிலைக் கொண்டது. அதைப் போர்க்கோட்டை என்பதைவிடப் பேராயரின் மாளிகை என்பதும், அவருடைய நிலங்களுக்கான நிர்வாக அலுவலகம் என்பதுமே பொருந்தும். வழக்குகள் அங்கே விசாரிக்கப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டில் பேராயர்கள் டாலாவுக்கு இடம் மாறியபின் கோட்டை கவனிப்பாரற்றுச் சிதைந்தது. பிற்காலத்தில் அதற்குள் பழத்தோட்டமே இருந்தது. 1985-இல் அன்றைய டப்ளின் கவுண்டி கவுன்சில், அதாவது மாவட்டம் போன்ற பகுதியை ஆளும் உள்ளாட்சி மன்றம், அதை விலைக்கு வாங்கியது. 1994-இல் அந்தக் கவுன்சில் மூன்றாகப் பிரிக்கப்பட்டு ஃபிங்கல் தனிக் கவுண்டியானபோது, அதன் தலைமையிடமானது சோர்ட்ஸ். இன்று அதே முதன்மைச் சாலையில், கண்ணாடி முகப்போடு நிற்கும் கவுண்டி அலுவலகத்தில் ஃபிங்கல் முழுமைக்குமான வீட்டுமனை அனுமதி முதல் பூங்காப் பராமரிப்பு வரை தீர்மானிக்கப்படுகிறது. பேராயர் விட்டுப்போன வேலையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் செய்கிறார்கள்.

அந்த அலுவலகத்தின் கை எவ்வளவு நீளம் என்பதை விமான நிலையத்தைக் கேட்டால் தெரியும். 1940 ஜனவரியில் முதல் விமானம் புறப்பட்ட அந்த நிலையத்தின் பெயர் டப்ளின், இருப்பதோ ஃபிங்கலில். இரண்டாம் முனையத்துக்கு 2007-இல் அனுமதி கிடைத்தபோது, ஆண்டுக்கு 3 கோடியே 20 லட்சம் பயணிகளுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. 2024-இல் அந்த வரம்பு மீறப்பட்டது. மறு ஆண்டு, நிபந்தனைக்குக் கட்டுப்படுமாறு அமலாக்க அறிவிக்கை அனுப்பியது ஃபிங்கல் கவுண்டி கவுன்சில். வரம்பு சரியா தவறா என்று விமான நிறுவனங்களும் அரசும் வாதிடட்டும். இரவு விமானங்களின் இரைச்சலில் தூக்கம் கெட்டவர்களும் வாதிடட்டும். ஒரு நாட்டின் மிகப் பெரிய விமான நிலையத்துக்கு விதியை நினைவூட்டும் அதிகாரம் சோர்ட்ஸின் முதன்மைச் சாலையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

இனி 41-ஆம் எண் பேருந்து. 1960-களில் சில ஆயிரம் பேரே வாழ்ந்த ஊரில், 2022 கணக்கெடுப்பின்போது 40,000-க்கும் அதிகமானோர் இருந்தனர். அத்தனை பேர் வாழும் ஊருக்குள் ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. எனவே பேருந்து நிறைகிறது. அது ரயில் தராத அரசின் குறையே அன்றி, ஊரின் குறையன்று. எதிரணித் தலைவர் இன்னொன்றையும் கவனிக்கவில்லை: அதே 41 விமான நிலையத்துக்குள் நுழைந்துதான் நகரத்துக்குப் போகிறது. சுமை ஏற்றுபவர், சமையற்கூடத்தில் நிற்பவர், பாதுகாப்புச் சோதனையில் பணிபுரிபவர் எனப் பலரும் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். நம்மவர்கள் சிலரும் அந்தப் பணிமுறைகளில் இருக்கிறார்கள். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் அவர்களை டப்ளினுக்குப் போகிறவர்கள் என்று கணக்கில் சேர்ப்பது எந்த நியாயம்?

கடைசியாக மெட்ரோ. 2005-இல் அறிவித்தார்கள், 2011-இல் நிதி நெருக்கடி என்று கிடப்பில் போட்டார்கள், 2018-இல் மெட்ரோலிங்க் என்ற பெயரில் மீண்டும் எடுத்தார்கள், 2025 அக்டோபரில்தான் திட்ட அனுமதி கிடைத்தது. 18.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் 16 நிலையங்கள் வரவிருக்கின்றன. எஸ்சுவரி, சீடவுன், சோர்ட்ஸ் சென்ட்ரல், ஃபாஸ்டர்ஸ்டவுன் என்று அவற்றில் நான்கு சோர்ட்ஸுக்கே உரியவை. நான்கு நிலையங்கள் தேவைப்படும் ஓர் ஊரை ‘ஒரு நிறுத்தம்’ என்று சொல்லும்போது எதிரணியினர் கொஞ்சம் எண்ணிப் பார்த்திருக்கலாம். தண்டவாளம் இரண்டு திசையிலும் ஓடும்; கவுண்டி அலுவலகத்துக்கு மனுவோடு வருபவரும், பவிலியன்ஸ் கடைவளாகத்துக்கு வேலைக்கு வருபவரும் அதே வண்டியில் சோர்ட்ஸில் வந்து இறங்குவார்கள். எதிரணியின் அடுத்த பேச்சாளர், அந்தத் திசையில் வரும் பயணிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்பதை அவையில் விளக்க வேண்டுமென நடுவர் அவர்களை வேண்டி, என் உரையை முடிக்கிறேன்.