ஒரே படிக்கட்டு, மூன்று ராகம்

வணக்கம் மக்களே. இப்போ நான் நம்ம குமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் கோட்டைச் சுவருக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே இருக்கிற பழைய திருவிதாங்கூர் ராஜாக்களின் அரண்மனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம், ஒரே ஆரவாரம். குலசேகரம் பஸ் ஹாரன் அடிக்கும், அதை மட்டும் பொறுத்துக்கோங்க.

ஒரு சிநேகிதன் என்னிடம் கேட்டான். "கச்சேரியில் எல்லாரும் பழைய பாட்டைத்தானே திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள், இதில் படைப்பு எங்கே இருக்கு? இதுவரை இல்லாததைக் கொண்டு வருகிறவன்தானே மேதை?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல இதைவிட நல்ல இடம் நம்ம மாவட்டத்தில் கிடையாது.

உள்ளே கருங்கல்லில் நவராத்திரி மண்டபம் இருக்கு. தரையில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. அதை ஒட்டித்தான் சரஸ்வதி கோயில். கம்பர் வழிபட்ட சிலை என்று ஐதீகம். வருஷா வருஷம் நவராத்திரிக்கு இந்தச் சரஸ்வதி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவாள். கூடவே வேளிமலை முருகன் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் போவார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரிக்காரர்கள் நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம். இந்தத் தெய்வங்களின் பயணத்தை அது நிறுத்தவில்லை.

திருவனந்தபுரம் கோட்டைக்குள்ளும் ஒரு நவராத்திரி மண்டபம் இருக்கு, அங்கே ஒன்பது நாள் கச்சேரி. திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் எழுதிய ஒன்பது கிருதிகள், அதாவது கச்சேரிப் பாட்டுகள், நாளுக்கு ஒன்று. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நாலாம் நாள் தோடி என்று ராகமும் முடிவு செய்யப்பட்டது. மாற்ற முடியாது. கைதட்டவும் கூடாது. பாடுகிறவருக்கு இதைவிடக் கட்டு வேறு என்ன வேண்டும்?

சரி, இப்போ ஏழாம் நாளையும் ஒன்பதாம் நாளையும் எடுத்துக்கோங்க. ஏழாம் நாள் ராகம் சுத்த சாவேரி. சுரங்கள் படிக்கட்டு மாதிரி ஏறும்போது ச ரி ம ப த ச. இறங்கும்போதும் அதே ஐந்து சுரம்தான். ஒன்பதாம் நாள் ஆரபி. ஏறும்போது... கேளுங்க... ச ரி ம ப த ச. அதே படிக்கட்டுதான்! இறங்கும்போது மட்டும் 'நி'யும் 'க'வும் வந்து சேரும். அதுவும் ஆரபியில் அந்த ரெண்டையும் நின்று பாட மாட்டார்கள். பட்டும் படாமல் தொட்டுவிட்டு ஓடிவிடணும்.

இன்னும் வேடிக்கை, தேவகாந்தாரி ராகம். அதன் ஏற்றமும் இறக்கமும் தாளில் எழுதினால் ஆரபி மாதிரியேதான் இருக்கும். தியாகராஜர் ஆரபியில் செய்தது, பஞ்சரத்தினம் என்கிற அவருடைய ஐந்து பெரிய கிருதிகளில் வரும் 'சாதிஞ்செனே'. அதில் ஒரு குறும்பு நடை இருக்கும். அவரே தேவகாந்தாரியில் செய்தது 'க்ஷீரசாகர சயன'. அது நிதானமாக, ஒவ்வொரு சுரமும் அசைந்து அசைந்து இறங்கும். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சங்கீதமே தெரியாத என் தம்பிகூட வேற வேற என்று சொல்லிவிடுவான். எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எதை அசைப்பது, எதை நழுவவிடுவது, இதில்தான் வித்தியாசம் எல்லாம். நான் படைப்பு என்று சொல்வது அந்த இடத்தைத்தான். சுரத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது ஏற்கெனவே கிடக்கு.

அப்புறம் சுவாதித் திருநாள். 1813-இல் பிறந்தார், 1829-இல் ஆட்சிக்கு வந்தார், 1846-இல் 33 வயதிலேயே போய்விட்டார். பிறவி மேதை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அவர் சபையில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்க. பாடகர் மேருசுவாமி, பாட்டு எழுதிய இரயிம்மன் தம்பி, தஞ்சை நால்வர் என்கிற அண்ணன் தம்பிகளில் ஒருவரான வடிவேலு. வெள்ளைக்காரன் வயலினை நம்ம கச்சேரிக்குப் பழக்கியவர்களில் இந்த வடிவேலு முக்கியமான ஆள். 1834-இல் ராஜா அவருக்கு யானைத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தார். அவ்வளவு பேர் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருக்கிற அறையில் ஒருவர் நல்ல கிருதி எழுதினார் என்றால் எனக்கு ஆச்சரியம் குறைகிறது, மரியாதை கூடுகிறது.

மேற்கத்திய இசையிலும் இந்தக் கதைதான். மோசார்ட் மனசுக்குள் முழு இசையும் ஒரு படம் மாதிரி ஒரே பார்வையில் தெரியும், அதை அப்படியே இறக்கி வைப்பார் என்று அவரே எழுதியதாக ஒரு கடிதம் உண்டு. 1815-இல் ரோக்லிட்ஸ் என்பவர் பத்திரிகையில் வெளியிட்டது. அது போலி என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். நிஜமான மோசார்ட் 1785-இல் ஆறு குவார்டெட்டுகளை, அதாவது நாலு வாத்தியம் சேர்ந்து வாசிக்கிற இசையை, மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்குச் சமர்ப்பணம் செய்தபோது, நீண்ட கடினமான உழைப்பின் பலன் இவை என்று எழுதினார். போலிக் கடிதம்தான் உலகம் பூரா பரவியது! நமக்கு அதுதான் வசதி. மேதை வேறு ஜாதி என்று ஆகிவிட்டால் நாம் சாதகம் செய்ய வேண்டியதில்லையே.

ராஜா கதை மட்டும் சொன்னால் போதாது. நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் 1839-இல் பாட்டு எழுதிய நீலகண்ட சிவன் பிறந்தார். அரண்மனை வாரிசு கிடையாது. அவர் பூர்விகல்யாணி ராகத்தில் செய்த 'ஆனந்த நடமாடுவார் தில்லை' இன்றைக்கும் மேடையில் இருக்கு. திருவனந்தபுரத்தில் அவருடைய பஜனைக் கூட்டத்தில் கலந்துகொண்டு பாடிய பையன்தான் பின்னாடி பாபநாசம் சிவன். வடிவீஸ்வரம் தெருக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு வருத்தமும் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாட முடியாமல் இருந்தது. 2006-இல்தான் பாடகி பாறசாலை பொன்னம்மாள் முதலில் பாடினார். பாறசாலை எங்கே இருக்கு? நம்ம களியக்காவிளையைத் தாண்டினால் வந்துவிடும். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியாச்சு. சரஸ்வதியைச் சுமந்துகொண்டு போன ஊர், சரஸ்வதி முன்னால் ஒரு பெண்ணைப் பாடவிட அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. மேதைகள் ஏன் ஆண்களாகவே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் இந்த வாசலைக் காட்டுங்க.

சரி மக்களே, ஒரு வேலை. இன்றைக்கு ராத்திரி சுத்த சாவேரி, ஆரபி, தேவகாந்தாரி மூன்றிலும் ஒவ்வொரு பாட்டுக் கேளுங்க. பெயர் பார்க்காமல் கேளுங்க. எது எது என்று கண்டுபிடித்துவிட்டு எனக்கு எழுதுங்க. அரண்மனை பார்க்க வருகிறவர்கள் திங்கள்கிழமை வந்துவிடாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.