ஏலத்தில் கிடைக்காத பத்தாண்டுகள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அல்சூரில் திரண்டிருக்கும் பெங்களூருத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். சரிந்துபோன ஒரு தொழில்முறை ஹாக்கி அணியை நெடுங்காலத்துக்கு நிமிர்த்துவது விலைக்கு வாங்கிய நட்சத்திரங்களா, வளர்த்தெடுத்த இளையோரா என்பது நம்முன் உள்ள வழக்கு. நான் இளையோரின் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், தனியார் அணிகள் வீரர்களை ஏலத்தில் எடுக்கும் ஹாக்கி இந்தியா லீக்கின் 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம் ரூபாய்க்குப் போனதைச் சொல்லி, பணம் இருந்தால் அணி தயார் என்றார். அறுவடையைப் பற்றி அழகாகப் பேசியவர் நாற்றங்காலை மறந்துவிட்டார். 2016 டிசம்பரில் லக்னோவில் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில்தான் அந்த ஹர்மன்பிரீத் இருந்தார். மன்தீப் சிங்கும் வருண் குமாரும் சிம்ரன்ஜீத் சிங்கும் உடன் இருந்தார்கள். அந்த இறுதிப் போட்டியில் பெல்ஜியத்துக்கு எதிராகக் கோல் அடித்த சிம்ரன்ஜீத், 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வீழ்த்திய வெண்கலப் போட்டியில் இரண்டு கோல்கள் அடித்தபோது, 41 ஆண்டுகளாகக் கைக்கு எட்டாத ஒலிம்பிக் பதக்கம் நமக்கு வந்தது. 2008-இல் பெய்ஜிங்குக்குத் தகுதிகூடப் பெறாமல், 2012 லண்டனில் 12 அணிகளில் கடைசியாக வந்த நாடு இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இடையில் நாம் செய்த தவறையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைனே, ஹரேந்திர சிங் என்று 2013-க்கும் 2019 தொடக்கத்துக்கும் இடையில் தேசிய அணியின் ஆறு பயிற்சியாளர்களை விடைகொடுத்து அனுப்பினோம், அல்லது இடம் மாற்றினோம். (மாமியார் வீட்டில்கூட மருமகனுக்கு இதைவிட அதிக அவகாசம் தருவார்கள்.) அத்தனை குழப்பத்திலும் லக்னோ தலைமுறை கலையவில்லை. 2019-இல் பயிற்சியாளராக வந்த கிரஹாம் ரீடுக்கு அவர்களோடு தொடர்ந்து உழைக்க நேரம் கிடைத்தது. கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் அவர்கள் தங்கிப் பயின்ற இந்திய விளையாட்டு ஆணையத்தின் 'சாய்' மையம் நம் ஞானபாரதி வளாகத்தில்தான் இருக்கிறது. மைசூர் சாலையில் போகிறவர்களுக்கு வழி தெரியும்.

'தேசிய அணிக்குச் சரி, முதல் போட்ட தனியார் அணி பத்தாண்டு பொறுக்குமா?' என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த லீக்கே 2017-க்குப் பின் ஏழாண்டுகள் நின்றுபோனது. அதுவரை விலைக்கு வாங்கிச் சேர்த்த அணிகளுக்கு அந்த ஆண்டுகளில் ஆடக் களமே இல்லை. இளமையிலிருந்து சேர்ந்து ஆடியவர்களோ தேசிய அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மீண்டும் தொடங்கிய அந்த லீக்கின் 2024 ஏலத்தில், 24 பேர் கொண்ட அணியில் 4 ஜூனியர் வீரர்களாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். கணக்குக்காக அவர்களைப் பெஞ்சில் உட்கார வைப்பீர்களா, ஆட்டம் சமனில் இருக்கும் கடைசிக் கால்பகுதியில், எதிர்த்து ஆடும் அணிக்குக் கோல் அடிக்கப் பெரிய வாய்ப்பான பெனால்டி கார்னர் கிடைத்த நேரத்தில், அதைத் தடுக்கப் பந்தை நோக்கி முதலில் பாய்ந்தோடும் வேலையை அவர்களில் ஒருவருக்குத் தருவீர்களா என்பதற்கு, அடுத்து வரும் எதிரணி நண்பர் விடை சொல்லட்டும், நடுவர் அவர்களே.