தராசை வகுப்புக்கு வெளியே வையுங்கள்

(சேலத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைக் கொடுத்த செவ்வாய்ப்பேட்டை வணிகப் பெருமக்களே, தறியை நிறுத்திவிட்டு அம்மாபேட்டையிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். சால்வைக்குப் பதிலாக மாம்பழக் கூடை கொடுத்த வரவேற்புக் குழுவுக்குத் தனியாக ஒரு நன்றி.

உணவுக் கோளாறு என்பது, எடை கூடிவிடுமோ என்று பயந்து பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற மனநோய். அதிலிருந்து மீண்டு வரும் பிள்ளைகளைப் பதற்றம் பிடித்து ஆட்டும். அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று சாப்பாடு. இரண்டு, பதற்றம் வரும் நேரத்தில் என்ன செய்வது. மூன்று, தூக்கமும் செல்போனும்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும். என் வகுப்பில் படித்தவர்கள் இங்கே இருந்தால் சிரிப்பார்கள், அத்தனை தடவை இதைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பத்தில் அறிவும் ஒன்று. பெற்றோர் என்னிடம் வந்து, "முதல்ல இவ பயம் போகட்டும் டீச்சர், அப்புறம் சாப்பிடுவா" என்கிறார்கள். அது தலைகீழ். பட்டினி கிடக்கும் மூளைக்குப் பயம் இன்னும் கூடும்.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் இதை நேரிலேயே பார்த்தார். உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரை வயிற்றோடு இருந்தார்கள். பலருக்குப் பதற்றமும் எரிச்சலும் சோர்வும் வந்தன. நண்பர்களோடு பேசப் பிடிக்கவில்லை. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேர்த்தவர்கள்கூட உண்டு. திரும்பச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் மனம் சமநிலைக்கு வரப் பல மாதம் பிடித்தது. உங்கள் மகளிடம் பார்க்கிற பிடிவாதத்தில் பாதி அவள் குணமே இல்லை, பசியின் வேலை.

அதனால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், குறித்த நேரத்துக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பது ஆபத்து. எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஏற்காட்டுக் காபி எனக்கும் உயிர்தான். ஆனால் வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்சு படபடக்கும், பிள்ளை அதையும் பயம் என்றே நினைத்துக்கொள்ளும். ஆடி வருகிறது, கோட்டை மாரியம்மனுக்கு விரதம் என்று இந்தப் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். கூழ் ஊற்றட்டும், தானும் ஒரு சொம்பு குடிக்கட்டும்.

இதோ, மாநகராட்சி உறுப்பினர் அம்மா வந்துவிட்டார்கள். வாருங்கள் அம்மா. இத்தனை வேலைக்கு நடுவில் வந்தது எங்களுக்குப் பெருமை. தம்பி, அம்மாவுக்கு அந்த நாற்காலியைப் போடுங்கள்.

சரி, இரண்டாவது. சாப்பிட்ட கையோடுதான் பதற்றம் உச்சிக்குப் போகும். அந்த அரைமணி நேரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூ கட்டலாம், தாயம் ஆடலாம், சும்மா ஊர்க்கதை பேசலாம். மூச்சை இழுக்கிற நேரத்தைவிட விடுகிற நேரம் நீளமாக இருக்கட்டும். வாந்தி எடுக்க வேண்டும் என்ற உந்துதல் ஏறும், எதுவும் செய்யாமல் இருந்தால் தானாகவே இறங்கும். பத்து நிமிடம் தள்ளிப்போடு, பிறகு இன்னும் பத்து நிமிடம் என்று சொல்லுங்கள். சாப்பிடும் முன் என்ன பயந்தாள், சாப்பிட்ட பின் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நினைத்தது நடக்கவில்லை என்று அவள் கையெழுத்திலேயே தெரியவரும். மூச்சிரைக்க ஓடுவதை மட்டும் வழியாகச் சொல்லாதீர்கள். எடையைக் குறைக்க ஓயாமல் ஓடுவதே பலருக்கு இந்த நோயின் ஒரு முகம்.

இப்போது ஒரு கல்யாண வீட்டுக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன், மெல்ல மெல்லத் தேறி வந்த சமயம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அம்மாயி. இலையில் லட்டு விழுந்தது. எடுத்து ஒரு கடி கடித்துவிட்டாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர்ப்பந்தியிலிருந்து ஒரு பெரியம்மா, "என்னடி இது, நல்லா பூசுனாப்புல ஆயிட்டே! எத்தனை கிலோ இருக்கே இப்ப?" என்று கேட்டார். பந்தியே திரும்பிப் பார்த்தது. லட்டு இலைக்குத் திரும்பிவிட்டது. பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு அப்படியே நிற்கிறார். அம்மாயி காலமெல்லாம் கொலுசுப் பட்டறையில் சலங்கை கோத்தவர். நிதானமாகக் கையை உதறிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, கிலோக்கணக்குல கேக்கறதுக்கு என் பேத்தி என்ன வெள்ளிக்கட்டியா? வெள்ளி வேணும்னா பட்டறைக்கு வா, எடை போட்டுத் தரேன். இங்க அவ சாப்பிடட்டும்."

நீங்கள் கைதட்டுகிற மாதிரியேதான் பந்தியும் சிரித்தது. அந்தப் பெரியம்மாவும் சிரித்துவிட்டார், அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. லட்டை அவள் முடித்தாளா என்று கேட்காதீர்கள். சாம்பார் சாதம் சாப்பிட்டாள், அன்றைக்கு அது பெரிய காரியம்.

அந்த அம்மாயி எல்லா வகுப்பிலும் வந்து நிற்க முடியுமா? அதற்குத்தான் நான் இந்த மேடைக்கே வந்தேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, எண்ணை உரக்க வாசிப்பார்கள். ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் எழுதுவார். பின்பெஞ்சில் சிரிப்பு. அந்த வாரம் டிபன் டப்பாக்கள் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், அந்தப் பசியை நாமே உண்டாக்கலாமா? எடை பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனி அறையில், ஒவ்வொருவராக, சத்தமில்லாமல் பார்க்கலாம். எண் பெற்றோருக்கு மட்டும் போகட்டும். மீண்டு வரும் பிள்ளைக்கு அவளுடைய மருத்துவரே பார்க்கட்டும்.

இதைக் கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. உறுப்பினர் அம்மாதான் முதல் கையெழுத்துப் போட வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். மனுவுக்குப் பக்கத்திலேயே ஒரு தாளில் 14416 என்று எழுதி வைத்திருக்கிறோம். அது டெலி மனஸ், கட்டணமில்லாத மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. மூன்றாவதாகச் சொன்ன தூக்கம், செல்போன் பற்றி எனக்குப் பதிலாக மருத்துவர் ஐயா பேசுவார். வணக்கம்.