ஆறு எந்தப் பக்கம்?

வணக்கம். முன்னோர் வாழ்ந்த இடத்தை இணைய வரைபடத்தில் தேடுவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இருக்கட்டும்.

எல்லோரும் முதலில் செய்கிற தவறைத்தான் நானும் செய்தேன். கொள்ளுத்தாத்தாவின் கடித உறையிலிருந்த ஊர்ப் பெயரை அப்படியே தட்டினேன். வரைபடமும் ஓர் ஊரைக் காட்டியது. நாற்காலியை விட்டு எழாமலே மூன்று மாதம் அந்த ஊரில் தெருத்தெருவாக அலைந்தேன். ஓட்டு வீடு ஒன்றைப் பார்த்து, இதுதான் என்று முடிவுகூடச் செய்துவிட்டேன். பிறகு ஒருநாள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படிக்கிறேன். வாசலில் உட்கார்ந்தால் ஆற்றுக்கு அக்கரையில் சூரியன் உதிப்பது தெரியும் என்று எழுதியிருக்கிறார். என் திரையிலோ ஆறு ஊருக்கு மேற்கே ஓடுகிறது! அதே பெயரில் இன்னோர் ஊர் இருந்தது. அங்கே ஆறு கிழக்கே. மூன்று மாதமும் யாரோ ஒருவருடைய தாத்தா வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், பெயரை நம்பாதீர்கள், ஆற்றைப் பாருங்கள். உக்ரைனின் லிவீவ் நகரம் ஆஸ்திரிய ஆட்சியில் லெம்பெர்க், போலந்து ஆட்சியில் லுவோவ். வீடு மாறாமலே நாடு மாறியவர்கள் அங்கே உண்டு. ஆனால் பாருங்கள், அந்த நகரத்தின் பொல்த்வா ஆற்றையே நிலத்துக்கடியில் மூடிவிட்டார்கள்! இன்றைய படத்தில் அதை எங்கே தேடுவது?

அங்கேதான் பழைய வரைபடம் வேண்டும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் விரிக்கலாம். எண்ணெய்த் தாள் வழியாகப் பார்ப்பது போல, பழையது மங்க மங்க அடியில் புதியது தெரியும். அங்கே பெரும்பாலும் பிரிட்டன்தான். அமெரிக்க நகரங்களுக்குச் சான்பார்ன் வரைபடங்கள் இருக்கின்றன. தீ விபத்துக் காப்பீட்டுக்காக வரைந்தவை. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மர வீடு மஞ்சள். காப்பீட்டுக்காரர் நெருப்புக்குப் பயந்து குறித்தது, பேரனுக்குத் தாத்தா வீட்டுச் சுவரைக் காட்டுகிறது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கூகுள் எர்த் என்ற செயற்கைக்கோள் வரைபடச் செயலியின் பழைய படங்களைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். அதிலுள்ள கடிகாரக் குறியை நீங்களே அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெரியவர்களிடம் ஊர்ப் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் எடுக்க எந்தப் பக்கம் நடந்தீர்கள், போகும்போது வெயில் முகத்திலா முதுகிலா என்றும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.