பென்சில் கோடு விழும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நெதர்லாந்துக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் டச்சு மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் பாடத்தில் ‘ஃபல்காய்ல்’ என்று ஒரு சொல். ஃபல்க் என்றால் வல்லூறு, ஆய்ல் என்றால் ஆந்தை. இரண்டும் முந்தின நாள் படித்தவை. வல்லூறு மாதிரி ஏதோ ஓர் ஆந்தை என்று நினைத்து வாசித்துக்கொண்டே போனேன். அடுத்த வரியில் ஒருவர் அதற்குள் விழுந்துவிட்டார்! ஆசிரியை பென்சிலை எடுத்து அந்தச் சொல்லின் நடுவே ஒரு கோடு போட்டார். ஃபல், காய்ல். பொறி, குழி. ககரம் முன்னால் சேர்ந்தால் பறவை, பின்னால் சேர்ந்தால் பள்ளம்.

அன்றிலிருந்து, இப்படிச் சொற்கள் ஒட்டி உருவாகும் இந்த மொழியின் தொகைச்சொற்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

டச்சுக்காரர்கள் தொகைச்சொல்லை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவார்கள். ஸீகன் என்றால் நோயாளிகள், ஹாய்ஸ் என்றால் வீடு. ஸீகன்ஹாய்ஸ் என்றால் மருத்துவமனை. வேலை, இயலாமை, காப்பீடு என்ற மூன்றையும் சேர்த்து எழுதும்போது 33 எழுத்துள்ள ஒரே சொல் வரும். பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும், அதுதான் தலை. கிப் என்றால் கோழி. ‘கிப்பன்சூப்’ கோழி சூப். ‘சூப்கிப்’ சூப்புக்கென்றே விற்கும் கோழி. கடையில் மாற்றிக் கேட்டால் மாறித்தான் கிடைக்கும்.

அந்தக் ‘கிப்பன்’னில் வரும் ‘அன்’ கவனித்தீர்களா? இரண்டு சொல்லையும் ஒட்டும் பசை அது, பார்க்கப் பன்மை விகுதி போலவே இருக்கும். சில சொற்களில் வெறும் ‘ஸ்’ ஒட்டும். 1995இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் இந்தப் பசையில்தான் கை வைத்தது. தட்டையான பணியாரமான பன்னகூக், ‘பன்னன்கூக்’ ஆனது. பேச்சில் பெரும்பாலும் அந்த ‘ன்’ காதில் விழாது, எழுத்தில் மட்டும் வரவேண்டும். ஆனால் சூரிய ஒளியைக் குறிக்கும் ‘ஸொன்னஸ்கெய்ன்’ பழையபடியே நின்றது. காரணம், சூரியன் ஒன்றுதானே, அதற்குப் பன்மை எதற்கு? இலக்கண விதிக்குள் இப்படி வானத்தைப் பார்த்த ஒரு வரி இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, சொல்லை அசையாகப் பிரிப்பதற்கு வருவோம். தனிச்சொல்லில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றை மெய் அடுத்த அசையோடு போகும். போ-மன் என்றால் மரங்கள், நெடில். மெய் இரட்டித்தால் நடுவே பிளக்கும். பொம்-மன் என்றால் வெடிகுண்டுகள், குறில். தொகைச்சொல்லில் இந்தக் கணக்கைவிட ஒட்டுவாய்க்குத்தான் மரியாதை. ஆஃபொண்ட் மாலை, ஏட்டன் உணவு. சேர்ந்தால் இரவுச் சாப்பாடு. வரி முடிகிற இடத்தில் அதை மாலைக்கும் உணவுக்கும் நடுவேதான் முறிப்பார்கள், மாலையின் கடைசி மெய்யைப் பிய்த்து உணவோடு ஒட்டமாட்டார்கள். கடல்வாத்தை எழுதும்போது ‘ஈ’ (e) என்ற ரோமன் எழுத்து நான்கு முறை அடுத்தடுத்து வந்து மோதும். அதனால் கடலுக்கும் வாத்துக்கும் இடையே ஒரு சிறு கோட்டை எழுத்திலேயே போட்டுவிட்டார்கள்.

இந்தச் சொற்களில் ஒன்று நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் அவர்கள் விட்டுப்போன சொல். இன்னொன்று கக்கூஸ். அண்மையில் என் பழைய ஆசிரியையிடம் அதை ரோமன் எழுத்தில் எழுதிக் காட்டினேன், பொருளையும் சொன்னேன். ஒரு நிமிடம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் பென்சிலை எடுத்து ‘கக்’ என்பதை அடுத்து ஒரு கோடு போட்டு, பின்பாதியின் மேல் ‘ஹாய்ஸ்’ என்று எழுதினார். முன்பாதிக்குப் பொருள் எழுதவில்லை, மலம் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான்.

வணக்கம்.