இப்போ எப்படி இருக்கே?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, கடலூர்ப் பெரியோர்களே, என்னோடு படித்துத் தலை நரைத்த தோழர்களே, வணக்கம்.

பழைய மாணவர் சந்திப்பில் மனம் நிறைவது அன்றைய நினைவுகளாலா, இன்றைய வாழ்க்கைச் செய்திகளாலா என்பது தலைப்பு. எதிரணி அம்மா தேவனாம்பட்டினம் கடற்கரையையும் விடுதிச் சாம்பாரையும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். முடிக்கும்போது, "செய்தி என்றாலே சர்க்கரை, மூட்டுவலி, சாவு. அதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வருகிறோம்?" என்றார். ஆமாம் அம்மா, அதைக் கேட்கத்தான் வருகிறோம்.

நாங்கள் பி.யூ.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்புக் காலத்து ஆட்கள். 1978-ல் பள்ளியில் மேல்நிலை வகுப்பு வந்ததும் பி.யூ.சி. போய்விட்டது. அதில் படித்தவர் யாராக இருந்தாலும் இன்று அறுபதைத் தாண்டியவர். பழைய கதை எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஒருவர் ஆரம்பித்தால் இன்னொருவர் முடித்துவிடுவார். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வீட்டில் இன்று அடுப்பு எரிகிறதா என்பதுதான் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. அதற்குப் பிறகு நடந்த எங்கள் சந்திப்புக்குப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தோழர் வந்திருந்தார். நாள் முழுக்க வகுப்பறைக் கதைதான். அவரும் கை தட்டினார், பாட்டுப் பாடினார். சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் வண்டிக்கு நிற்கும்போது மெதுவாகச் சொன்னார்: "தோப்பு போயிடுச்சுப்பா. தாத்தா வெச்ச முந்திரி. ஒரு மரம் நிக்கலை. வங்கிக்கு வட்டி கட்ட முடியலை." நடுவர் அவர்களே, அன்று மதியம் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர், விவசாயக் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. எந்த அலுவலகத்தில் எந்த மனுவைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. ஆனால் "இப்போ எப்படி இருக்கே?" என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் குறை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களைக் கருவூலம் வருடத்துக்கு ஒருமுறை நேர்காணலுக்கு அழைக்கிறது. உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டிவிட்டு வருகிறோம். கருவூலமே கேட்கும்போது, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் கேட்க வேண்டாமா?

சரி, சாவுச் செய்திக்கு வருகிறேன். இரண்டு நிமிட மௌன அஞ்சலிக்குப் பெயர் வாசித்தபோதுதான் என் விடுதி அறைத் தோழன் போய்விட்டான் என்பதே எனக்குத் தெரிந்தது. போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போகவில்லை. அவன் மனைவியிடம் துக்கம் விசாரிக்கவில்லை. அவனைப் பற்றி என்னிடம் ஆயிரம் நினைவு உண்டு அம்மா. அவற்றை வைத்துக்கொண்டு எட்டு மாதம் சும்மா இருந்திருக்கிறேன்.

சங்கப் புலவர் பிசிராந்தையாரை நினைத்துப் பாருங்கள். கோப்பெருஞ்சோழனோடு அவர் ஒருநாளும் பழகியதில்லை. இருவருக்கும் சேர்ந்த பழங்கதை ஒன்றுகூடக் கிடையாது. சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விட வடக்கு நோக்கி அமர்ந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து அவனிடம் வந்து சேர்ந்தார். வயதாகியும் நரைக்கவில்லையே என்று அங்கிருந்த சான்றோர் கேட்டார்கள். அவர் என்ன சொன்னார்? மனைவி குணவதி, பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் என் எண்ணப்படி நடக்கிறார்கள், அரசன் தீங்கு செய்யாமல் காக்கிறான், ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்றார். அத்தனையும் அன்றைய தேதிக்கு அவர் வீட்டுச் செய்தி, ஊர்ச் செய்தி. அதைத்தான் புறநானூறு நமக்கு எடுத்து வைத்திருக்கிறது.

பண்ருட்டித் தோழருக்கு இப்போது மாதம் ஒருமுறை நானே போன் செய்கிறேன். புயலுக்குப் பிறகு வைத்த ஒட்டுக் கன்றெல்லாம் மரமாகிவிட்டது, இந்த வருடம் காய்ப்பு பரவாயில்லை என்றார். பேத்திக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். அவர் இன்று இந்த மன்றத்தில்தான் இருக்கிறார். இடது பக்கம், இரண்டாவது வரிசை.